வீட்டு போர்வெல் மோட்டார்: எரிவதற்கு முன்பே ஆம்பியர் முள் காட்டும் அறிகுறிகள்

[காட்சி: மதுரை, கூடல்நகர். வீட்டுச் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. ஆம்பியர் மீட்டர் அண்மைக் காட்சியில்.]

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நிலத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை என்பதால், மழைநீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் தேங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறிய நீர்மட்டம் சித்திரையில் வேகமாக இறங்குவது இதனால்தான். நீர்மூழ்கி மோட்டாரின் சூட்டைத் தணிப்பதும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரே. தண்ணீர் விலகிய பின்னும் மோட்டார் ஓடினால், அதற்குள் இருக்கும் கம்பிச் சுருளான ‘காயில்’ எரிந்துவிடும்.

பல நூறு அடி ஆழத்தில் இருக்கும் மோட்டாரை நாம் பார்க்க முடியாது. ஆனால் ஆம்பியர் அளவு (மோட்டார் இழுக்கும் மின்னோட்டம்), தொட்டி நிரம்ப ஆகும் நேரம் ஆகிய இரண்டையும் மோட்டார் நன்றாக ஓடும்போதே குறித்து, அந்தத் தாளை ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்தால், பிற்பாடு வரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றை முன்னதாகவே கண்டுகொள்ளலாம். கண்மாய் நிறைந்திருக்கும் காலத்துக் கணக்கையும் கோடைக் கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள்.

[காட்சி: மாடியில் 1000 லிட்டர் தொட்டி. கைப்பேசியில் நேரம் ஓடுகிறது.]

காலித் தொட்டி 25 நிமிடத்தில் நிரம்பினால், நிமிடத்துக்கு 40 லிட்டர் வருகிறது. அதுவே 35 நிமிடமானால், வரத்து 29 லிட்டருக்கும் கீழே போய்விட்டது. நேரம் கூடி, ஆம்பியரும் சற்று இறங்கியிருந்தால் நீர்மட்டம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். முள் ஏறி இறங்கி ஆடுவதோடு, குழாயில் தண்ணீரும் காற்றும் மாறி மாறிச் சீறினால், உடனே மோட்டாரை நிறுத்துங்கள். நீர் ஊறச் சில மணி நேரம் விட்ட பிறகே மறுபடி போட வேண்டும்.

நேரம் கூடியும் ஆம்பியர் இறங்கவில்லையா? மோட்டார் ஓடும்போது கேசிங் பைப்பின் (போர்வெல் துளைக்குள் இறக்கிய வெளிக்குழாயின்) வாய்ப்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் ஓசை வந்தால், நீரேற்றும் குழாயில் ஓட்டையோ கழன்ற இணைப்போ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போட்டு வெகுநேரம் கழித்தே தொட்டியில் தண்ணீர் விழுகிறது என்றால், நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்காமல் குழாய்நீர் கிணற்றுக்குள் திரும்பி இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம்.

[காட்சி: வோல்ட் மீட்டர். பிறகு, வெள்ளை வாளியின் அடியில் படிந்த மணல்.]

ஆம்பியர் வழக்கத்தைவிட ஏறினால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். ஒரு முனை மின்சாரத்தில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அது வெகுவாகக் குறைந்தால், மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். வோல்டேஜ் சரியாக இருந்தும் முள் இறங்காவிட்டால், பேரிங் தேய்ந்திருக்கலாம் அல்லது பம்புக்குள் மணல் இறுகியிருக்கலாம். மோட்டார் கிளம்பாமல், ஓவர்லோடு (மின்னோட்டம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) மட்டும் விழுகிறது என்றால் பழுது, மோட்டாரைக் கிளப்ப உதவும், பெட்டியிலுள்ள கெப்பாசிட்டரிலேயே இருக்கலாம். அதற்காக மோட்டாரை மேலே தூக்கத் தேவையில்லை. ஆனால் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், மெயினை அணைத்த பிறகும் அதைக் கையால் தொடாதீர்கள், எலக்ட்ரீசியனை அழையுங்கள்.

அவர் வந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் அந்தத் தாளைக் காட்டுங்கள். குழாயைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுப்பது பெரிய செலவு. அது உண்மையிலேயே தேவையா என்பதை உங்கள் பழைய கணக்கை வைத்து அவரால் முடிவு செய்ய முடியும்.