வைக்கோல் நிறுத்தப்பட்ட பிறகு

அன்பான சகோதர சகோதரிகளே,

யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எரிகிற முட்செடி நமக்குத் தெரியும், பத்து வாதைகள் தெரியும். நடுவில் இருக்கிற இந்த அதிகாரத்தில் அற்புதம் எதுவும் இல்லை. தேவன் சொன்னபடியே மோசேயும் ஆரோனும் எகிப்தின் ராஜாவாகிய பார்வோனிடம் போய், இஸ்ரவேல் ஜனங்களைத் தேவனைத் தொழுதுகொள்ளப் போகவிடும் என்று பேசுகிறார்கள். அங்கே அடிமைகளாகச் செங்கல் செய்துகொண்டிருந்த அந்த ஜனங்களின் பாடு முன்னைவிட மோசமாகிறது.

எவ்வளவு மோசம் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நைல் நதி வண்டலில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, நறுக்கின வைக்கோலைக் கலந்து, மர அச்சில் வார்த்து வெயிலில் காயவைப்பார்கள். அதுதான் எகிப்தின் செங்கல். வைக்கோல் சேர்ந்தால்தான் காயும்போது வெடிக்காமல் நிற்கும். எகிப்தின் தீப்ஸ் நகரத்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் இந்த வேலையை ஓவியமாகவே வரைந்திருக்கிறார்கள். தண்ணீர் மொள்ளுகிறவன், மண் பிசைகிறவன், அச்சு வார்க்கிறவன், அவர்கள் பக்கத்தில் கோலோடு மேற்பார்வைக்காரன்.

பார்வோன் அன்றைக்கே உத்தரவு போட்டான்: இனி வைக்கோல் கொடுக்காதீர்கள், செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது. ஜனங்கள் தாளடி பொறுக்க எகிப்து தேசமெங்கும் அலைந்தார்கள். கணக்கு குறைந்தது. அடி விழுந்தது யாருக்கு? இஸ்ரவேலரிலிருந்தே பொறுப்பில் வைக்கப்பட்டிருந்த தலைவர்களுக்கு! ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே பகை மூட்ட இது போதும். தொழுகைக்குப் போக அனுமதி கேட்டவர்களுக்குச் சோம்பேறிகள் என்ற பட்டம் வேறு.

அந்தத் தலைவர்கள் பார்வோனிடமே போய் முறையிட்டார்கள். பலன் இல்லை. திரும்பி வரும்போது மோசேயையும் ஆரோனையும் பார்த்து, எங்களைக் கொல்லப் பார்வோனின் ஆட்கள் கையில் பட்டயத்தைக் கொடுத்துவிட்டீர்களே என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிபட்டு நிற்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

சரி, மோசே என்ன செய்தார்? அப்போது அவருக்கு 80 வயது. நேரே கர்த்தரிடம் போனார். இந்த ஜனங்களுக்கு ஏன் தீங்கு வரப்பண்ணினீர், என்னை ஏன் அனுப்பினீர், உம்முடைய நாமத்தில் நான் பேசினது முதல் இவர்கள் உபத்திரவப்படுகிறார்களே, நீர் விடுவிக்கவில்லையே என்று கேட்டார். பக்தியுள்ளவர் இப்படிப் பேசலாமா என்று நமக்குத் தோன்றும். இந்த அதிகாரத்திலேயே விசுவாசம் நிறைந்த பேச்சு இதுதான் என்பேன். பார்வோனுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டால் பதில் உண்டு என்று நம்புகிறவர்தான் இப்படிக் கேட்பார். மோசே தான் முன்பு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மீதியான் தேசத்துக்குத் திரும்பி ஓடவில்லை. கர்த்தரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நான் பார்வோனுக்குச் செய்வதை இனிக் காண்பாய் என்றார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்வோன் லேசில் விடமாட்டான் என்று முட்செடியின் நடுவிலிருந்து பேசியபோதே கர்த்தர் சொல்லியிருந்தார். ஆகவே இந்தக் கஷ்டம் வழி தவறியதற்கு அடையாளம் ஆகாது. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்து வேலை இழந்தவரிடம் போய், "உன்னிடம் ஏதோ பாவம் இருக்கிறது, யோசித்துப் பார்" என்று சொல்கிறோமே, அது பெரிய கொடுமை. தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். அதிகாரத்தில் இருக்கிறவன் செய்த அநியாயத்துக்கு அவன்தான் பொறுப்பு.

அப்புறம் 6ஆம் அதிகாரம். விடுதலையின் வாக்குத்தத்தத்தோடு மோசே ஜனங்களிடம் போகிறார். மனமடிவாலும் வேலையின் கொடுமையாலும் அவர்களால் அதைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. அதற்காகத் தேவன் அவர்கள்மேல் கோபப்பட்டதாக அங்கே ஒரு வரிகூட இல்லை. வாக்கையும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் பார்வோனிடம் போ என்று மோசேயைத்தான் அனுப்புகிறார். வைக்கோல் உத்தரவு ரத்தானதாக எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் பஸ்கா ராத்திரியில், நம்பத் தெம்பில்லாமல் இருந்த அந்த ஜனங்களும் எகிப்தை விட்டுப் புறப்பட்டார்கள்.

நேர்மையாக நடந்ததற்காகவே இன்று அடி வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். உங்கள் வேதனையை அழகான ஜெபமாக மாற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. மோசே கேட்டது போலவே, "ஏன் ஆண்டவரே?" என்று கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் மூப்பர்கள் இங்கேயே இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து நடந்ததைச் சொல்லுங்கள், சேர்ந்து ஜெபிப்போம்.