முதல் கோல் விழுந்த பிறகு

எல்லாருக்கும் வணக்கம். நம் கால்பந்து அணி தோற்றுக்கொண்டே இருக்கிற நேரத்தில் கூட்டம் போட்டால் யார் வருவார்கள் என்று செயலாளர் பயந்தார். பரவாயில்லை, நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், பின்வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருக்கிற டிஃபென்ஸ் தம்பிகள் உட்பட.

தோல்விக்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம், ரெஃப்ரி சரியில்லை, மைதானம் சரியில்லை, நேரம் சரியில்லை என்று. ரெஃப்ரியை விடுங்கள், அவர் அடுத்த வாரமும் அப்படியேதான் இருப்பார். நான் பார்த்தவரை ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது: முதல் கோல் விழும்வரை ஒழுங்காக ஆடுகிறோம், விழுந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்த ஆரம்பிக்கிறோம், கோல் காக்கிற கோலி டிஃபென்ஸைத் திட்டுகிறார், ஸ்டிரைக்கர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார், அந்தக் கோபம் அடங்குவதற்குள் இரண்டாவதும் உள்ளே போய்விடுகிறது. போன ஆட்டத்தில் பாதி நேரம்வரை ஒரு கோலும் வாங்கவில்லை, முடியும்போது நான்கு. அதில் ஒன்றுதான் நாம் பட்ட கடன், மற்ற மூன்றும் வட்டி.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில், சொந்த மண்ணில், பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றதே, ஞாபகம் இருக்கிறதா? முதல் கோல் 11ஆவது நிமிடத்தில். அதற்குப் பிறகு 23ஆவது நிமிடத்துக்கும் 29ஆவது நிமிடத்துக்கும் நடுவில் மட்டும் நான்கு கோல்! கால்பந்து உலகின் அத்தனை பெரிய ஆட்டக்காரர்களே நிலைகுலைந்தார்கள் என்றால், வேலை முடித்து நேராக மைதானத்துக்கு ஓடிவருகிற நாம் எம்மாத்திரம்?

ஆனால் ஒன்று. கோல் வாங்கினால் அடுத்து பந்து யாருக்கு? நமக்குத்தான். நடுவட்டத்தில் வைத்துக் கையில் கொடுக்கிறார்கள். 2016இலிருந்து அந்தக் கிக்-ஆஃபைப் பின்பக்கம்கூடத் தட்டலாம். நாமோ அதை வாங்கியதும் முன்னால் தூக்கி அடித்து எதிரணிக்கே தானம் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கோல் விழுந்தால் (விழும் என்றுதான் வைத்துக்கொள்வோம், அவர்கள் சும்மா வரவில்லை) பந்தைப் பின்னால் தட்டுங்கள், குறுக்கே தட்டுங்கள், எல்லாருக்கும் மூச்சு வரும்வரை வைத்திருங்கள். யாரும் கைதட்டமாட்டார்கள், அதனால் என்ன.

அப்புறம் இந்த கோல் கிக், எதிரணி அடித்த பந்து நம் கோல் கோட்டுக்கு வெளியே போனால் நாம் அடிக்கிறோமே, அது. 2019இல் விதி மாறி, பந்து கோலுக்கு முன்னால் இருக்கிற பெரிய கட்டத்தை, அதாவது பெனால்ட்டி ஏரியாவைத் தாண்டாமலே நம் ஆள் வாங்கலாம் என்று ஆனதும், டிவியில் பார்த்ததை நாமும் செய்துபார்க்கிறோம். அவர்கள் தினமும் பயிற்சி செய்கிறவர்கள். நாம் வாரத்துக்கு ஒருநாள், அதிலும் பாதிப் பேர் லேட். தயவுசெய்து இந்த ஒரு ஆட்டத்துக்காவது தூரமாக அடியுங்கள்.

நம்பிக்கை வேண்டும் என்கிறவர்களுக்கு பசிபிக் கடலில் இருக்கிற குட்டித் தீவான அமெரிக்கன் சமோவாவின் அணியைச் சொல்கிறேன். 2001இல் ஆஸ்திரேலியாவிடம் 0-31. ஆமாம், முப்பத்தொன்று. அன்று கோலியாக நின்றவர் நிக்கி சலாப்பு. 2011இல் அதே அணி டோங்காவை 2-1 என்று ஜெயித்தபோதும் கோலில் நின்றது அவர்தான். அத்தனை வாங்கியும் மறுபடி வந்து நின்றார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பத்து வருஷம் காத்திருக்க நமக்குப் பொறுமை இல்லை, அது வேறு விஷயம்.

ஞாயிறு வருகிற அணி நம்மை ஏற்கெனவே ஜெயித்த அணி. அவர்களுடைய பலமே பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிகிற நீளமான த்ரோ. நம் டிஃபென்ஸைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கினால் தப்பு என்கிற ஆஃப்சைடு, த்ரோவில் கிடையாது, அதனால் வரிசையாக மேலேறி நின்று ரெஃப்ரியைப் பார்த்துக் கையைத் தூக்காதீர்கள், ஆளைப் பிடியுங்கள். அதை மட்டும் தடுத்துவிட்டால் ஒரு டிராவாவது கிடைக்கும், நம் முன்வரிசை இருக்கிற வேகத்துக்கு ஜெயித்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

ஆட்டம் நான்கு மணிக்கு, மூன்றுக்கே வந்துவிடுங்கள். ஷின் கார்டு மறக்காதீர்கள், அது இல்லாமல் ஆடவிடமாட்டார்கள், இரவல் கொடுக்கவும் ஆள் கிடையாது.