வராதவரை நீக்கும் முன் காட்சியை விடுவியுங்கள்

வணக்கம், நண்பர்களே. எழுத்துவழி ரோல்பிளே சர்வர் (ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, மாறி மாறிப் பதிவிட்டுக் கதை வளர்க்கும் இணையக் குழு) நடத்துபவர்கள் நான்கு பேர் கூடினால் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: எழுதாமல் காணாமற்போன ஆட்டக்காரரை எத்தனை நாளுக்குப் பிறகு நீக்கலாம்? பதினைந்து நாள் என்பார் ஒருவர், இரண்டு மாதம் என்பார் இன்னொருவர். நாள் கணக்கால் இந்தச் சிக்கல் தீராது என்பது என் கருத்து. ஒருவர் வராமல் இருப்பதால் சர்வருக்கு நேரும் நட்டம் மிகக் குறைவு. அவருடன் ஒரே காட்சியில் எழுதிக்கொண்டிருந்த மூன்று நான்கு பேர் அவருடைய அடுத்த பதிவுக்காக அசைய முடியாமல் நிற்பதுதான் பெரிய இழப்பு. ஆகவே முதலில் காட்சியை விடுவிக்க வேண்டும், பிறகு பாத்திரத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும், ஆளை நீக்குவதைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும்.

நீக்கும் பழக்கம், இன்று இத்தகைய சர்வர்கள் பல நடக்கும் டிஸ்கார்டு என்னும் அரட்டைத் தளத்துக்கு முந்தையது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டிலும் சேர்ந்து வளர்த்த மட் என்னும் எழுத்துலக விளையாட்டிலிருந்து கிளைத்தவை பல. அவற்றுள் ஒன்று, 1990-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்ப்டாமூ. அங்கே ஆட்டக்காரர்கள் தங்களுக்கான அறைகளையும் பொருள்களையும் தாங்களே உருவாக்கிக்கொள்ளலாம். உருவாக்கியவை யாவும் ஒரே தரவுத்தளத்தில் இடம் பிடித்தன. நெடுநாள் உள்ளே வராதவர்களின் கணக்குகளை அழித்து இடத்தை மீட்பது அங்கே நிர்வாகத்தின் வழக்கமான வேலைகளில் ஒன்றாக இருந்தது. கணினியின் நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்று பத்துப் பேர் சும்மா இருந்தாலும் நமக்கு எந்த இடமும் அடைபடுவதில்லை. ஆனாலும் உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் செய்யும் ஆசை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். முற்றுகையிடப்பட்ட ஒரு கோட்டை, உள்ளே அவை கூடியிருக்கிறது. படைத்தலைவன், வைத்தியர், சிறைப்பட்ட தூதன் ஆகிய மூவரையும் மூவர் எழுதுகிறார்கள். சரணடைவதா, போரிடுவதா என்று அரசி சொல்ல வேண்டும், அரசியை எழுதுபவர் மூன்று வாரமாகக் காணவில்லை. இங்கே அரசியை எழுதுபவரைச் சர்வரிலிருந்து நீக்கிவிட்டால் என்ன ஆகும்? அரசி இன்னும் அரியணையில்தான் இருப்பாள், மற்ற மூவரும் அதே இடத்தில் நிற்பார்கள். மாறாக, 72 மணி நேரத்திற்குள் பதிவு வராவிட்டால் எழுதும் முறை தானாக அடுத்தவருக்குப் போகும் என்ற விதி முன்பே எழுதப்பட்டிருந்தால், முதல் வாரத்திலேயே படைத்தலைவன் பேசியிருப்பான், காட்சி நகர்ந்திருக்கும். வேகமாக எழுதும் குழுக்கள் 48 மணி நேரம் வைத்துக்கொள்கின்றன. நீண்ட பதிவுகள் எழுதும் குழுக்களுக்கு ஒரு வாரம்கூடப் பொருந்தலாம். முறை தாண்டப்பட்டவர் எப்போது திரும்பினாலும் அடுத்த சுற்றில் அவர் இடம் அப்படியே இருக்கும் என்று அதே விதியில் சேர்த்துவிடுங்கள். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் முறை தாண்டுவதை எல்லோரும் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார்கள். மற்றவரை வருத்த விரும்பாத நல்ல மனிதர்கள் தாண்டாமல் காத்துக்கொண்டே இருப்பார்கள், விதி ஏட்டளவில் நின்றுவிடும்.

அடுத்தது பாத்திரம். பிறர் பாத்திரத்தின் வாயில் சொற்களைத் திணிப்பதும், அவர் இசைவின்றி அதற்குக் காயமோ மரணமோ நேர வைப்பதும் ரோல்பிளேயில் பெருங்குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லை என்பதற்காக அந்தக் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது. அதனால்தான் சம்மதத்தை வரும்போதே வாங்கிவிட வேண்டும் என்கிறேன். பாத்திரத்துக்கான விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: நீங்கள் சொல்லாமல் மறைந்துவிட்டால் உங்கள் பாத்திரத்தை ஊரைவிட்டு அனுப்பிவிடலாமா, மாடரேட்டர்கள் (சர்வரைக் கண்காணிப்பவர்கள்) என்பிசியாக, அதாவது ஆட்டக்காரர் இல்லாத துணைப் பாத்திரமாக, ஓட்டலாமா, வேறொருவருக்குக் கொடுக்கலாமா, கதையின் தேவைக்காகக் கொல்லலாமா? சேர்ந்த புதிதில், உற்சாகம் மிகுந்திருக்கும்போது, யாரும் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள். பதில் இல்லாத பழைய பாத்திரங்களுக்கு எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி ஒன்றுதான்: கதைக்குள்ளேயே நம்பத்தகுந்த காரணம் சொல்லி மேடையிலிருந்து இறக்கிவிடுவது. அரசிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது, முடிவெடுக்கும் முத்திரை மோதிரத்தை அமைச்சர் கையில் கொடுத்துவிட்டாள் என்று மாடரேட்டர் இரண்டு வரி எழுதினால் போதும். அவள் என்ன நினைத்தாள், யாரை நம்பினாள் என்றெல்லாம் எழுதக் கூடாது. அது அவளை எழுதுபவருடைய சொத்து.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஒருவர் தாமே கற்பனை செய்து கொண்டுவந்த பாத்திரம் அவருக்குரியது. அவர் போனாலும் அதை மற்றவருக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அரசி, தளபதி, பள்ளித் தலைமையாசிரியர் போன்ற பதவிகளும், ஏற்கெனவே உள்ள கதைகளிலிருந்து எடுத்த பாத்திரங்களும் அப்படியல்ல. பலரும் எழுத ஆசைப்படும் அவற்றை ஒருவர் எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு அடைபடுகிறது. ஆகவே இவற்றுக்குக் கால வரம்பு கடுமையாக இருக்கலாம், சொந்தப் பாத்திரங்களுக்கு வரம்பே இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் ஒரே விதிக்குள் அடைப்பதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

இப்போது ஆளுக்கு வருகிறேன். ஆட்டக்காரர்கள் சலிப்பால் போவதைவிடக் கூச்சத்தால் போவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தேர்வோ, காய்ச்சலோ, வேலைப்பளுவோ காரணமாக ஒரு வாரம் பதில் எழுத முடியாமல் போகிறது. இரண்டாம் வாரத்தில், இவ்வளவு காக்கவைத்துவிட்டு நான்கு வரி போடுவதா என்று தோன்றுகிறது. நீண்ட பதிவாக, சிறந்த பதிவாக எழுத வேண்டும் என்று தள்ளிப்போகிறது. நாள் கூடக்கூட எழுதவேண்டிய பதிவின் தரமும் அவர் மனத்தில் கூடிக்கொண்டே போய், கடைசியில் சர்வரைத் திறக்கவே கை வருவதில்லை. வட்டிக்கு வாங்கியவர் கடன் கொடுத்தவரின் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவதைப் போல அவர் நம்மைத் தவிர்த்துப் போகிறார். இந்த நிலையில் உள்ளவருக்கு, நீங்கள் 21 நாளாக எழுதவில்லை, 3 நாளில் பதில் இல்லையேல் நீக்கப்படுவீர்கள் என்று ஒரு தனிச்செய்தி போனால், அவர் பதில் சொல்லமாட்டார். அவருக்கு வேண்டியது தள்ளுபடி. இப்படி எழுதிப் பாருங்கள்: உங்கள் நிலுவைப் பதிவுகள் எல்லாவற்றையும் காட்சியிலிருந்து எடுத்துவிட்டோம், எதற்கும் பதில் எழுத வேண்டியதில்லை, திரும்பும்போது புதிய காட்சியில் தொடங்கலாம், பாத்திரத்தை வைத்திருக்கவா என்று மட்டும் ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள். ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய செய்திக்குப் பதில் வருகிறது. இல்லை என்று பதில் வந்தாலும் மனம் கோணாமல் பிரிந்துவிட முடிகிறது.

யார் எழுதவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதிலும் நாம் கருவிகளை அளவுக்கு மீறி நம்புகிறோம். டிஸ்கார்டில் செயலற்ற உறுப்பினர்களை மொத்தமாக வெளியேற்றும் வசதி இருக்கிறது. 7 நாள், 30 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது ஒருவர் எழுதினாரா என்று பார்ப்பதில்லை, வந்து போனாரா என்று மட்டுமே பார்க்கிறது. தினமும் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரியும் எழுதாதவர் அதில் தப்பிவிடுவார். தவிரவும், ரோல் (சர்வரில் உறுப்பினருக்குத் தரப்படும் அடையாளப் பட்டம்) கொடுக்கப்பட்டவர்களை, நாமாகச் சேர்த்தால் ஒழிய, அது தொடுவதில்லை. ரோல்பிளே சர்வரில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது ஒரு ரோல் இருக்கும்.

இதைவிட மோசமான குழப்பம் டப்பர்பாக்ஸ் போன்ற பாட்களால் (தானியங்கி நிரல்களால்) வருகிறது. பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் பேச உதவும் அந்த பாட், ஆட்டக்காரர் இட்ட செய்தியை நீக்கிவிட்டு அதையே வெப்ஹுக் என்னும் தானியங்கிப் பதிவு வசதி வழியாகத் திரும்பப் போடுகிறது. ஆகவே அந்தப் பதிவு ஆட்டக்காரரின் கணக்கில் சேர்வதில்லை; அவர் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைப்பதும் இல்லை. செய்திகளை எண்ணிப் பட்டியல் போடும் இன்னொரு பாட்டை நம்பினால், சர்வரிலேயே அதிகம் எழுதுபவர் ஊமையாகத் தெரியக்கூடும். காட்சிகளைத் திறந்து கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப் பார்க்க முடியாத அளவுக்குச் சர்வர் பெரிதாகிவிட்டதென்றால், முதலில் தேவைப்படுவது மேலும் சில மாடரேட்டர்கள்.

மாதந்தோறும் ஆக்டிவிட்டி செக் வைத்து, அந்த மாதம் எழுதிய பதிவுகளின் சுட்டிகளை ஒப்படைக்கச் சொல்லும் முறை டிரீம்வித் என்னும் வலைப்பதிவுத் தளத்தில் நடக்கும் ரோல்பிளே குழுக்களில் நெடுநாளாக உண்டு. நாற்பது ஐம்பது பேர் உள்ள, பதவிப் போட்டி மிகுந்த குழுவுக்கு அது பயன்படும் என்பதை மறுக்கவில்லை. சிறிய குழுவில் அது மாதக் கடைசி நாளில் அவசர அவசரமாக எழுதப்படும் மூன்று வரிப் பதிவுகளைத்தான் பெருக்கும். மாதம் ஒரு முறை எழுதினாலும் எல்லோரும் காத்திருந்து படிக்கும்படி எழுதுபவர் அந்தக் கணக்கில் தோற்றுப்போவார். எனக்கு அந்த முறையில் விருப்பமில்லை.

கடைசியாக, யாரும் விதி எழுதாத ஒரு ஆள் இருக்கிறார்: சர்வரின் உரிமையாளர். அவர் மறைந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது, ஏனெனில் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் பொத்தான் அவர் கையில் மட்டுமே இருக்கிறது. ஆகவே நீங்களே உரிமையாளர் என்றால், நம்பகமான இருவருக்கு நிர்வாக அனுமதி முழுவதையும் இப்போதே கொடுத்துவிடுங்கள். உலகக் குறிப்புகள், பாத்திரப் பட்டியல், கதைச்சுருக்கம் ஆகியவற்றை அவர்களும் திறக்கக்கூடிய ஒரு கோப்பில் சர்வருக்கு வெளியே வையுங்கள். எத்தனை வாரம் உங்களிடமிருந்து செய்தி இல்லாவிட்டால் அவர்கள் புதிய சர்வருக்கு எல்லோரையும் அழைத்துச் செல்லலாம் என்பதை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி சர்வரில் பொருத்தி (pin) வையுங்கள்.