எந்த மறதிக்குப் பயப்பட வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். அறுபதைத் தாண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். "பேர் நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது" என்று சொல்லாதவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். வயது ஏற ஏற, நினைவைத் தேடி எடுக்க மூளைக்கு நேரம் பிடிக்கும். நினைவு உள்ளேதான் இருக்கும். முதல் எழுத்தை யாராவது சொன்னால் பெயர் சட்டென்று வந்துவிடுகிறதே, அதனால்தான்.

அல்சைமர் என்ற மறதி நோயில் நடப்பது வேறு. 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில், அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பேசினார். பெயர் கேட்டார், "அகஸ்டே." குடும்பப் பெயர்? "அகஸ்டே." கணவர் பெயர்? அதற்கும் அகஸ்டே. பணப்பை, சாவி, சுருட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அகஸ்டே அவற்றைச் சரியாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து, என்னென்ன காட்டினேன் என்று கேட்டால், ஒன்றும் நினைவில்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். சாவியைச் சாவி என்று தெரிகிறது, ஆனால் சாவியைப் பார்த்தது பதியவில்லை. புது அனுபவத்தைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியும் அதை ஒட்டிய பகுதியும்தான் இந்த நோயில் முதலில் அடிபடுகின்றன. பதியாததை எந்தக் குறிப்புக் கொடுத்தும் எடுக்க முடியாது. நாற்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணத்தை விலாவாரியாகச் சொல்லும் அம்மா, காலையில் சாப்பிட்டதை மறப்பது இதனால்தான். 1906இல் அகஸ்டே இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்த அல்சைமர், அதில் புரதப் படிவுகளையும் நரம்புச் செல்களுக்குள் முறுக்கிய இழைகளையும் கண்டார்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே கேள்வியைப் பத்தாம் தடவை கேட்டால் "இப்போதானே சொன்னேன்" என்று சீறாதீர்கள். அவர்களுக்கு அது முதல் தடவைதான். திட்டினால் பதில் பதியாது. மனசு நொந்தது மட்டும் தங்கிவிடும்.

அப்புறம், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடவும் கூடாது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. பழகிய தெருவில் வழி தடுமாறினாலோ, தினமும் செய்கிற சமையலில் வரிசை குழம்பினாலோ டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தனியாக அனுப்பாதீர்கள். என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்பதை டாக்டர் உங்களிடம்தான் கேட்பார்.