வடை மடிக்கிற காகிதம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அக்கா, தம்பி, முன்வரிசை ஆயாமார்களே, பின்வரிசையில் பிரியாணி வாசனைக்குக் காதைத் திறந்து வைத்திருக்கும் நண்பர்களே, வணக்கம். ஆறு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அரை நிமிடம் போய்விட்டது.

விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆளைக் குறிவைத்துக் கடுமையாக எழுதலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு. நான் கூடாது என்கிற அணி. எனக்கு முன் பேசிய தம்பி போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "அண்ணே, இன்னிக்கு எழுத்து, நாளைக்கு வடை மடிக்கிற காகிதம். இதுக்குப் போய் ஆம்பளைங்க அழலாமா?" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல வசனம். ஆனால் தம்பிக்கு ஒன்று தெரியாது. வடை மடித்த காகிதத்தைப் பற்றிப் பேச, டர்பன் நகரத்தில் நம்மவர்கள் வாழும் இந்த சாட்ஸ்வர்த்திலேயே என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

வருஷம் 1984. எனக்கு 22 வயது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து. நான் கோல் கீப்பர். இப்போது இருக்கிற உடம்பில் முக்கால்வாசி அப்போதே வந்துவிட்டது. அன்றைக்கு ஆறு கோல் வாங்கினேன். மறைக்கவில்லை. முதல் கோல் தலைக்கு மேலே. இரண்டாவதும் மூன்றாவதும் காலுக்கு நடுவே. நாலாவதை நானே உள்ளே தட்டிவிட்டேன். ஐந்தாவது எப்படிப் போனது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆறாவதுக்கு நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எங்கே போயிருக்கும் என்று தெரியாதா என்ன?

அந்த வாரம் பத்திரிகையில் வந்தது. எந்தப் பத்திரிகை, யார் எழுதியது என்றெல்லாம் கேட்காதீர்கள். எழுதியவரும் நம் ஆள்தான், எழுதியது இங்கிலீஷில். தமிழில் சொல்கிறேன். "கோல் கம்பத்துக்கு நடுவே இவருக்குப் பதில் ஒரு கரும்புக் கட்டை நிறுத்தி வைத்திருந்தால் இரண்டு கோலாவது குறைந்திருக்கும்." சரி. கரும்புக் கட்டுக்குக் கால் கிடையாது, ஆகவே காலுக்கு நடுவே போக வழியில்லை. கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த வரி: "வீட்டில் இவருக்குக் கூழை ஒரு கரண்டி குறைத்து ஊற்றினால் குனிய முடியும்."

மறுநாளிலிருந்து என் பெயர் போயிற்று. கரும்பு. பஸ்ஸில் ஏறினால், "கரும்புக்கு ரெண்டு டிக்கெட் போடுப்பா." பொங்கலுக்குக் கோயிலில் மாவிலை கட்ட ஏணியில் ஏறினால், கீழே இருந்து ஒரு மாமா, "கரும்பை ஏன் மேலே ஏத்துறீங்க, வாசல்லதானே கட்டணும்?" பெண் பார்க்கப் போனோம். சொஜ்ஜி வரும் முன்னே பெண்ணின் சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீதானே தம்பி அந்தக் கரும்பு?" என்றார். அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள். "கரும்புன்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க. இத்தனை வருஷமா மென்னுக்கிட்டிருக்கேன், இனிப்பைத்தான் காணோம்" என்பார்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் கூழும் கொஞ்சம் குறைந்தது. சோள மாவு விலை ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதை விடுங்கள்.

நடுவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வாதத்துக்கு வந்துவிடுகிறேன்.

எதிரணி அக்கா நம் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் கேப்டனாக இருந்த ஹான்சி குரோனியேவை இழுத்தார். எழுதுகிறவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியதால்தான் சூதாட்டம் வெளியே தெரியவில்லை என்றார். கெட்டிக்கார வாதம். ஆனால் அக்கா, 2000 ஏப்ரலில் அதை வெளியே கொண்டுவந்தது யார்? டில்லி போலீஸ், தொலைபேசியை ஒட்டுக் கேட்டு. ஹான்சியின் முகத்தையும் நடையையும் கிண்டலடித்து ஆயிரம் பத்தி எழுதியிருந்தாலும் அந்தத் தொலைபேசி பேசியிருக்குமா? பணம் வாங்கினார் என்று தெரிந்தால் எழுதுங்கள், கிழித்துத் தொங்கவிடுங்கள். அதைத் துப்பு என்று சொல்வோம். நாம் இங்கே பேசுவது கூழைப் பற்றி.

தம்பி, காகிதம் என்றால் உனக்கு அவ்வளவு லேசா? 2003 மார்ச் 3. நம் டர்பன் கிங்ஸ்மீட் மைதானம். கிரிக்கெட் உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்காவுக்கு இலங்கையோடு ஆட்டம். பந்து முரளிதரன் கையில். நம்மில் பாதிப் பேருக்கு யாருக்குக் கை தட்டுவது என்றே புரியவில்லை, வெளியே சொல்லாதீர்கள். மழை தூறுகிறது. மழையில் ஆட்டம் நின்றால் எத்தனை ஓட்டம் வேண்டும் என்று கணக்குச் சொல்லும் டக்வொர்த்-லூயிஸ் தாளைப் பார்த்து, 229 போதும் என்று உள்ளே செய்தி போயிற்று. நம் ஆட்டக்காரர் பவுச்சர் ஒரு சிக்ஸர் அடித்து 229ஐத் தொட்டார். அடுத்த பந்தைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலத் தட்டி நிறுத்தினார். மழை கொட்டியது. அப்புறம்தான் தெரிந்தது, 229 சமனுக்கான எண், ஜெயிக்க 230. உலகக் கோப்பையை வீட்டில் வைத்து நடத்திய நாடு முதல் சுற்றோடு வெளியே. வடை மடிக்கவும் காணாத ஒற்றைத் தாள், தம்பி!

அந்தத் தப்பை எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டி எழுதட்டும். அன்றைய கேப்டன் பொல்லாக்குக்குப் பதவி போயிற்று. நானும் மழையில் நனைந்துகொண்டே திட்டியவன்தான். கணக்குத் தப்பியதற்குக் கணக்கைத் திட்டு. மூக்கு, முடி, தோல், வீட்டுச் சாப்பாடு இதெல்லாம் டக்வொர்த்-லூயிஸ் தாளில் எங்கே வருகிறது?

நம் டர்பன் பிள்ளை, தாடிக்காரக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லாவை, 2006இல் கொழும்பு டெஸ்டில், மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து 'பயங்கரவாதி' என்றார் வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ். வேலை போயிற்று, மன்னிப்பும் கேட்டார். ஆம்லா என்ன தப்பு செய்தார்? ஒரு கேட்ச் பிடித்தார்.

நம் கிரிக்கெட் வீரர் டெம்பா பவுமாவை எடுங்கள். கேப் டவுனின் லாங்காவில் வளர்ந்த பிள்ளை. 2016 ஜனவரியில் நியூலாண்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 102. டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்காக நூறடித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அதற்குப் பிறகும் அவர் ஓட்டத்தைவிட உயரத்தைத்தான் அதிகம் அளந்தார்கள். குள்ளம் என்றார்கள், கோட்டா என்றார்கள். 2025 ஜூனில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், ஜெயிக்க 282 ஓட்டம் எடு என்றது ஆஸ்திரேலியா. மார்க்ரம் 136. இன்னொரு முனையில் தொடைத் தசை பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி ஓடி, பவுமா 66. ஜெயித்தோம். 1998க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் ஐசிசி கோப்பை, உலகக் கிரிக்கெட் அமைப்பின் கோப்பை. அக்கா இப்போதே துண்டுச் சீட்டில் எழுதுகிறார், "திட்டியதால்தான் ரோஷம் வந்தது" என்று. அப்படியானால் என்னையும் வருஷக் கணக்கில் கரும்பு என்றார்களே, லார்ட்ஸிலிருந்து எனக்கு ஏன் அழைப்பு வரவில்லை?

மணி அடிக்கப் போகிறீர்கள் ஐயா, தெரிகிறது. வடையை மட்டும் முடித்துவிடுகிறேன்.

அந்தப் பத்திரிகையை நான் வீட்டுக்குள் விடவில்லை. தெருமுனைக் கடையில் இருந்த நாலு பிரதியையும் நானே வாங்கிவிட்டேன். ஆறு பந்தைத் தடுக்க முடியாதவன் நாலு பேப்பரைத் தடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போன என் ஆயா வடை வாங்கி வந்தாள். எதில் மடித்து? சொல்லவும் வேண்டுமா? எண்ணெய் பட்டதில் எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நான் வலைக்குள் குனிந்து பந்தை எடுக்கிற படம்.

ஆயாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து, "இது நம்ம பிள்ளைதானே? பேர் போட்டிருக்கா?" என்றாள். விரலால் காட்டினேன். எனக்கு வைத்தது அவளுடைய மாமனார் பெயர். மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள், அதனால் பிறந்ததிலிருந்து என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ராசா" என்றுதான். அந்த மாமனார் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலில் வந்தவர். கப்பல் பட்டியலில் நம்மவர்களை எப்படி எழுதினார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு எண். வயது. உடம்பில் எங்கே தழும்பு. அவள் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அச்சில் இருந்த அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். "நல்லா ஆடினேன்னு எழுதியிருக்கான் ஆயா" என்றேன்.

1991இல் ஆயா போய்விட்டாள். காரியம் முடிந்து சுவருக்குச் சாயம் அடிக்க மாரியம்மன் படத்தைக் கழற்றினோம். பின்னாலிருந்து அந்தக் காகிதம் விழுந்தது, நாலாக மடித்து, மூலையில் குங்குமத்தோடு. இதோ, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், தம்பி வேண்டுமானால் வந்து பார்க்கலாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "அன்னைக்குச் சாயந்திரமே உங்க ஆயா இதை என்கிட்ட கொண்டாந்து படிக்கச் சொன்னாங்கப்பா. முழுசும் படிச்சேன். கூழு வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க."

சோள மாவு விலை ஏறவே இல்லை, நடுவர் ஐயா.