லாரியில் ஏறிய ஜாதிமல்லி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் காரைக்குடிப் பக்கம் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூர் கிளம்புகிறது என்றால் வண்டியில் என்னென்ன ஏறும் என்று உங்களுக்கே தெரியும். பித்தளை அண்டா, மரப்பெட்டி, பீரோ, சாமி படங்கள். எல்லாம் ஏறி, கயிறு கட்டப் போகும் நேரத்தில் கிணற்றடியிலிருந்து ஒரு குரல் வரும்: "தம்பி, இந்தத் தொட்டி ரெண்டையும் ஓரமா வச்சிருங்கப்பா." போய்ப் பார்த்தால் ரெண்டு இல்லை, பதினாலு இருக்கும். அப்போது அந்த டிரைவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

அந்தக் குரல் என்னுடையதுதான். எங்கள் வீட்டுச் செட்டியாருக்கு வங்கி வேலை. 31 வருடத்தில் 9 ஊர். ஒவ்வொரு ஊருக்கும் தொட்டிச் செடிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். பாதி பிழைத்தது, பாதி செத்தது. செத்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதல் மாற்றல் ஓசூருக்கு. திருச்சி, சேலம் வழியாகப் போனால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆனி மாதம். திறந்த லாரி. புறப்பட்ட அன்று வானம் மூட்டமாகவே இருந்தது. நல்லதாகப் போயிற்று, செடிக்கு வெயில் படாது என்று நிம்மதியாக இருந்தேன். காலையில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குடம் தண்ணீர் வேறு ஊற்றியிருந்தேன்.

ஓசூரில் இறக்கிப் பார்த்தால், என் ஜாதிமல்லி எண்ணெயில் போட்டு எடுத்த கறிவேப்பிலை மாதிரி நிற்கிறது. தொட்டால் நொறுங்குகிறது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஈரம் அப்படியே இருக்கிறது. வெயிலும் இல்லை, தாகமும் இல்லை, பிறகு எப்படிச் செத்தது? எனக்குப் புரியவே இல்லை. அப்போதுதான் பீரோவை இறக்கினார்கள். பீரோவுக்குப் பின்னால் ஒரு செம்பருத்தி. யாரோ இடம் இல்லாமல் அங்கே திணித்திருக்கிறார்கள். அதில் ஒரு இலைகூட வாடவில்லை!

அன்றைக்குப் புரிந்தது. செடியைக் கொன்றது காற்று.

இதை நான் இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செடிக்கு எமன் தூரமும் இல்லை, வெயிலும் இல்லை, காற்றுதான். இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கின்றன. அதன் வழியாக ஈரம் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். காற்று அசையாமல் இருந்தால் அந்த ஈரம் இலையைச் சுற்றியே கொஞ்சம் தங்கும். லாரி 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது தங்குமா? புயலில் ஈர வேட்டியைக் கொடியில் போட்ட கதைதான். அடியில் வேர் எவ்வளவு தண்ணீர் இறைத்தாலும் மேலே போகிற வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. அதனால்தான் மண் ஈரமாக இருந்தும் இலை கருகியது.

ஆகவே அடுத்த மாற்றலில் பழைய எட்டு முழ வேட்டிகளை எடுத்தேன். கிளைகளைக் கீழிருந்து மேலாக, பிள்ளைக்குத் துணி சுற்றுவது போல மெதுவாகச் சேர்த்துச் சுற்றிவிடுவது. பருத்தித் துணிதான் வேண்டும். பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வெயிலில் வைத்தால் இட்லிக் கொப்பரைக்குள் வைத்த மாதிரி வெந்துவிடும். சுற்றின தொட்டிகளைப் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், டிரைவர் கேபினை ஒட்டி வைக்கச் சொல்வேன். "ஆச்சி, செடிக்கு வேட்டி கட்டி விட்டிருக்கீங்களே, துண்டு கிடையாதா?" என்று ஒரு டிரைவர் தம்பி கேட்டார். சிரித்தாரே தவிர, சொன்ன இடத்தில்தான் வைத்தார்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. லண்டனில் வார்டு என்று ஒரு டாக்டர். பெரணிச் செடி வளர்ப்பதில் அவருக்கு ஆசை. ஊரெல்லாம் நிலக்கரிப் புகை, எதை வைத்தாலும் செத்துப்போகிறது. 1829-இல் ஒரு கண்ணாடிக் குப்பியில் ஈர மண்ணைப் போட்டு, ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை வைத்து மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மூடின குப்பிக்குள் ஒரு பெரணி முளைத்துவிட்டது! பகலில் ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே இறங்குகிறது. தண்ணீரே ஊற்றாமல் ஏறத்தாழ நான்கு வருடம் அது உயிரோடு இருந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி பதித்த மரப்பெட்டி செய்து, 1833-இல் அதில் செடிகளை வைத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக்கணக்கான பயணம். கப்பல் மேல்தளத்திலேயே பெட்டி. உப்புக் காற்று உள்ளே போக வழியில்லை. கிட்டத்தட்ட தண்ணீரே காட்டாமல் பச்சையாகப் போய்ச் சேர்ந்தன. பார்த்தீர்களா, அங்கேயும் காற்றைத்தான் அடைத்தார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதையை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்து முளைக்க வைத்தார்கள். அந்தக் கன்றுகள் 1,900-க்கு மேல், இதே மாதிரிப் பெட்டிகள் 38-இல் ஏறி இலங்கை வந்தன. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. மலாயாவில் பிறகு எழுந்த ரப்பர் காடுகளுக்கு அந்த 22-தான் தாய் என்று சொல்வார்கள். அந்த ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள், சிலவற்றுக்குச் சொந்தக்காரர்களாகவே ஆனவர்கள் யார்? கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் வீடு கட்டின நம் செட்டியார்கள்தானே. பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கும்போது கப்பல் ஏறிய மரம் என்று நினைக்கிறோம். கப்பல் ஏறிய கன்றை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு.

சரி, நம் லாரிக்கு வருவோம். அடுத்தது தண்ணீர். புறப்படும் காலையில் குடம் குடமாக ஊற்றுவது பாசம், ஆனால் தப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஏற்றி இறக்குபவர் இடுப்பு போகும், சேறு வழிந்து மெத்தையில் இறங்கும், குலுங்கும்போது வேர்ப்பிடி கலைந்துவிடும். முதல் நாள் காலையில் நன்றாக ஊற்றி வடிய விடுங்கள், போதும். மண் புட்டுமாவுப் பதத்தில் இருக்க வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. மேல்மண் மீது சணல் சாக்குத் துண்டைப் போட்டுத் தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் தொட்டி சாய்ந்தாலும் மண் கொட்டாது.

மண் தொட்டி, சிமெண்டுத் தொட்டியை எல்லாம் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் முன்னதாகவே செடியைப் பிளாஸ்டிக் தொட்டிக்கோ பைக்கோ மாற்றிப் பழக்கிவிட வேண்டும். நம் செம்மண்ணை விட மனசு வராது, தெரியும். வேரோடு இருக்கிற மண் போதும். ஒரு அம்மா ஆறு மூட்டை செம்மண் ஏற்றினதை நான் பார்த்திருக்கிறேன்.

மூடின வண்டியில் அனுப்பினால் காற்றுப் பயம் இல்லை. இரண்டு நாள் இருட்டைச் செடி தாங்கும். ஆனால் வண்டியைச் சாப்பாட்டுக் கடை வாசலில், உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு டிரைவர் தூங்கினால் உள்ளே அடுப்புதான். நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொன்று. ஒரு தடவை செம்பருத்தி அத்தனை மொட்டையும் கொட்டிவிட்டது. காற்றும் இல்லை, சூடும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பக்கத்திலேயே இரண்டு கூடை மாம்பழம். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். அடைத்த இடத்தில் அது மொட்டையும் இலையையும் உதிர்த்துவிடும். மாம்பழம், வாழைப்பழம் எல்லாம் உங்கள் மடியோடு காரில் வரட்டும்.

எல்லாவற்றையும் விட எளிய வழி என் அப்பத்தா செய்தது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு மல்லிக் குச்சி, மருதாணிக் குச்சி, பிரண்டைத் துண்டு எல்லாம் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுப்பார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு இன்றைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதில் பலகாரம் மட்டும்தான் வைக்கிறோம். முதிர்ந்த கிளையில் ஒரு சாண் குச்சி, கீழே கணுவை ஒட்டி வெட்டு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம். என் ஜாதிமல்லி ஓசூரில் செத்தது என்றேனே, இங்கே அடுத்த வீட்டு ஆச்சியிடம் அதன் பதியன் ஒன்று இருந்தது. மறு வருடம் வந்து குச்சி வாங்கிப் போனேன். இப்போது வாசலில் இருப்பது அதன் பேத்தி. ஆகவே போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு குச்சி நட்டுவிட்டுப் போங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா, இரண்டு வரியா தெரியவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு செய்ய வேண்டியதைத்தான் விரிவாக எழுதி வைத்திருந்தேன்.

சுருக்கமாக. இறங்கினதும் துணியை அவிழ்த்து நிழலில் வையுங்கள், ஒரு வாரம் பத்து நாள். இலை கொஞ்சம் உதிரும், பயப்படாதீர்கள். பயந்துபோய் உரம் போடாதீர்கள், ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம். உடனே தொட்டி மாற்றாதீர்கள். சென்னையில் எட்டாவது மாடி பால்கனி என்றால் அங்கேயும் அதே காற்றுதான், ஓரமாகச் சுவரை ஒட்டி வையுங்கள். கிளம்புவதற்கு முன்னால் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் தெரிந்த மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி என்று எவ்வளவு பயிரை அழித்தது! வாழைக் கன்று மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் முடிக்கொத்து நோய் என்று ஒன்று... சரி தம்பி, நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.