காட்டேரியை மாற்றித்தான் எடுக்கணும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அழகாகப் பேசி உங்களை எல்லாம் கொஞ்சம் மயக்கிவிட்டுப் போயிருக்கும் எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களே, என் அணித் தோழர்களே, ராத்திரி ஒன்பது மணிக்குக் காட்டேரிக் கதை கேட்கத் துணிந்து உட்கார்ந்திருக்கும் தல்லாகுளம் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பு இதுதான். ரத்தம் குடிக்கும் காட்டேரி நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கும்போது, நூலில் இருப்பதை அப்படியே எடுப்பதா, மாற்றி எடுப்பதா? மாற்றித்தான் எடுக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறோம்.

அண்ணன் என்ன சொன்னார்? "காட்டேரி என்றால் வெயில் பட்டதும் சாம்பலாகணும். டிராகுலா காலத்து விதி அது. அதில் கை வைத்தால் மூலநூலுக்குத் துரோகம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். வெயில் என்று சொன்னாலே மதுரைக்காரர்கள் கை தட்டிவிடுவீர்கள், சித்திரை மாதத்தில் நாமே பாதி சாம்பல்தானே! ஆனால் அண்ணே, பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா'வை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலி வீதியில் நின்றுகொண்டு ஓர் அழகான பெண்ணை முறைத்துப் பார்க்கிறார் காட்டேரியான டிராகுலா பிரபு. சாம்பலும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. பகலில் அவருக்குச் சக்தி குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் இந்த வெயில் சாவு எங்கிருந்து வந்தது? 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நாஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்திலிருந்து வந்தது. அனுமதி வாங்காமல், கதாபாத்திரங்களின் பெயரை மாற்றி எடுத்த 'டிராகுலா' கதை அது. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பே வாங்கினார். ஆக, மூலம், மூலம் என்று எதிரணி கும்பிட்டுக்கொண்டிருப்பது மூலத்தை மாற்றியவர் போட்ட விதியை! (நடுவர் சிரிக்கிறார். மதிப்பெண்ணிலும் தெரிந்தால் சந்தோஷம்.)

சரி, வழக்கின் நடுப்பகுதிக்கு வருவோம். ஆன் ரைஸ் 1976-இல் எழுதிய நாவல் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்'. லூயி என்ற காட்டேரி ஓர் இளம் நிருபரிடம் ஒரு ராத்திரி முழுக்கத் தன் கதையைச் சொல்கிறான். தன்னைக் காட்டேரியாக்கிய லெஸ்டாட், பிறகு இருவரும் மகளாக வளர்த்த கிளாடியா என்று போகிறது. நூலில் இந்த லூயி 1791-இல் லூசியானாவில் அவுரித் தோட்ட முதலாளி. அடிமைகளை வைத்து வேலை வாங்குகிறவன். தன் பாவத்துக்காகப் பக்கம் பக்கமாகப் புலம்புகிறவன், தோட்டத்தில் முதுகொடிந்தவர்களுக்காக வடித்த கண்ணீர் குறைவு. இவனுக்காக வாரா வாரம் உட்கார்ந்து உருகுங்கள் என்று 2022-இல் யாரிடம் போய்ச் சொல்வது?

எழுத்தாளர் ரோலின் ஜோன்ஸ் அமெரிக்காவின் ஏஎம்சி சானலுக்காக அதைத் தொடராக்கியபோது ஆளையே மாற்றினார். 1910, நியூ ஆர்லியன்ஸ். லூயி இப்போது கறுப்பின கிரியோல் (பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து அங்கே வாழ்ந்துவரும் கலப்பு வம்சம்) குடும்பத்துப் பிள்ளை. ஸ்டோரிவில் பகுதியில் விபச்சார விடுதி நடத்துகிறான். கையில் பணம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களோடு சீட்டாட உட்கார முடிகிறது, ஆனால் சமமாக மதிக்க அங்கே ஒருவரும் இல்லை. அந்த நேரம் பார்த்து லெஸ்டாட் வந்து சாகாவரம் தருகிறேன் என்கிறான். தருகிறவன் வெள்ளைக்காரன், வாங்குகிறவன் கறுப்பன். யாருக்கு யார் சொந்தம் என்ற கேள்வி நாவலிலேயே உண்டு. அது நமக்கு உறைக்கிற மாதிரி வந்து விழுவது இந்த மாற்றத்தால்தான்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தார்கள். தொடரில் அந்தப் பழைய பேட்டி 1973-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்து, விபரீதமாக முடிந்துபோன ஒன்று. நிருபர் டேனியல் மல்லாய் இப்போது கிழவர், பார்க்கின்சன் நோய் வேறு. துபாய்க்கு வரவழைத்து லூயி மறுபடி பேட்டி தருகிறான். கிழவர் விடுகிறாரா? பழைய ஒலிநாடாவில் அப்படிச் சொன்னாய், இப்போது இப்படிச் சொல்கிறாயே என்று, நம் மாவட்ட நீதிமன்றத்துக் குறுக்கு விசாரணை மாதிரி மடக்கிக்கொண்டே இருக்கிறார். முன்னால் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள வித்தியாசமே இங்கே கதையாகிவிட்டது. லூயி எதை மறந்தான், எதை மறைத்தான்? ஒருவன் வாக்குமூலத்தை அப்படியே படம் பிடித்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு வழி ஏது?

எதிரணியில் பேசிய தங்கச்சி கிளாடியாவைப் பற்றிச் சொன்னது என்னையும் தொட்டது. ஆன் ரைஸ் தன் மகளை ஆறு வயது நிறைவதற்குள் ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நாவலில் கிளாடியாவுக்கு ஐந்து வயது. அந்தத் துக்கத்தைத் தொடரில் ஏன் பதினான்கு வயது ஆக்கினீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விம்மா. புத்தகத்தில் ஐந்து வயதுதான் சரி. ஆனால் கேமரா முன்னால் ஐந்து வயதுக் குழந்தையை நிறுத்தி, அறுபது வயது மனுஷியின் கோபத்தைக் காட்டச் சொல்ல முடியுமா? 1994 திரைப்படத்திலேயே முடியவில்லை. பதினொரு வயது கிர்ஸ்டன் டன்ஸ்டைத்தான் நடிக்க வைத்தார்கள். தொடர் இன்னும் சிக்கல். முதல் பருவம் (சீசன்) 2022-இல் வருகிறது, இரண்டாவது 2024-இல். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும், சாகாத காட்டேரிக்குப் பால்பல் விழும்! அதனால் வயதுவந்த நடிகையைப் போட்டார்கள். பருவம் எட்டிய உடம்பிலேயே காலத்துக்கும் மாட்டிக்கொண்ட பெண் என்ற வேறு ஒரு வேதனை கிடைத்தது. இரண்டாம் பருவத்தில் நடிகையே மாறினார். கிளாடியா மாறவில்லை.

இன்னொன்று. நாவலில் லூயியை உலுக்குவது தம்பியின் சாவு. 1994 படத்தில் அதை எடுத்துவிட்டு மனைவி, குழந்தை சாவு என்று வைத்தார்கள். அந்தப் படத்துக்குத் திரைக்கதை என்று யார் பெயர் வந்தது? ஆன் ரைஸ் பெயர்தான்! மாற்றிவிட்டார்கள் என்று நீங்கள் திட்டும் இந்தத் தொடர்தான் அந்தத் தம்பியைத் திரும்பக் கொண்டுவந்தது.

நம் ஊருக்கு வருவோம். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினாரே சங்கரதாஸ் சுவாமிகள், அவருடைய 'வள்ளி திருமணம்' இன்றைக்கும் மேலூர்ப் பக்கம், உசிலம்பட்டிப் பக்கம் திருவிழா என்றால் நடக்கிறது. கந்தபுராணத்தில் அது கடைசிப் படலம். மேடையில் விடிய விடிய ஓடுகிறது. வள்ளி ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர், ஒத்திகை கிடையாது. இருவரும் தர்க்கத்தில் இறங்கினால் கச்சியப்பர் எழுதாத கேள்விகள் எல்லாம் வரும். புராணம் கெட்டுப்போச்சு என்று யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு போனீர்களா?

"அப்படியானால் கண்ணகி மதுரையை எரிக்காமல் பஸ் ஏறிப் போனால் ஒத்துக்கொள்வாயா?" என்று அண்ணன் மடக்கினார். மாட்டேன் அண்ணே. அவள் எரிக்காவிட்டால் அந்தக் கதையே இல்லை. அதேபோல் காட்டேரிக்குத் தாகம் போனாலும் கதை இல்லை. மாற்றியதெல்லாம் தேறியது என்றும் நான் சொல்லவில்லை. 2020-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் மார்க் கேட்டிஸும் ஸ்டீவன் மொஃபாட்டும் 'டிராகுலா'வை மூன்று பாகமாகத் தொலைக்காட்சிக்கு எடுத்தார்கள். முதல் இரண்டு அருமை. மூன்றாவதில் பிரபுவை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்து விட்டதும் எனக்குக் கொட்டாவி வந்தது. மாற்றத் தெரியாமல் மாற்றினார்கள்.

கடைசியாக, நூலுக்கு விசுவாசமாக எடுத்ததற்கு உதாரணம் என்று அண்ணன் காட்டியது பிபிசி 1977-இல் எடுத்த 'கவுன்ட் டிராகுலா'. நல்ல தேர்வு, நானும் ரசித்ததுதான். நூலில் மீனாவும் லூசியும் தோழிகள். அதில் அவர்களை அக்கா தங்கை ஆக்கிவிட்டார்கள். லூசியை ஒரே நாளில் மூன்று பேர் பெண் கேட்கிறார்களே, அதில் ஆர்தர், குவின்சி என்ற இரண்டு மாப்பிள்ளைகளைச் சேர்த்து ஒரே ஆளாகவும் ஆக்கிவிட்டார்கள். அப்படியே எடுத்தது இது என்றால், காணாமல் போன அந்த மாப்பிள்ளை எங்கே? எதிரணியில் அடுத்து வருகிறவர் அவரைத் தேடிக் கொடுத்துவிட்டு மற்றதைப் பேசட்டும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.